நகரமைப்பில் முதுநிலைப் படிப்பு: எதைக் கற்பிக்கிறது, எதை விட்டுவிடுகிறது

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் 1,189 சதுர கிலோமீட்டராகவே இருந்தது. 2022 அக்டோபரில் வெளியான அரசாணை அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டத்துக்கான பணிகள் நடந்துவருகின்றன. ஏரிகளும் வயல்களும் தொழிற்பேட்டைகளும் கடற்கரைக் குப்பங்களும் கலந்து கிடக்கும் இவ்வளவு பெரிய நிலப்பரப்பில் எங்கே வீடு வரலாம், எங்கே வரக்கூடாது, சாலை எவ்வழியே போக வேண்டும், எந்த நீர்வழியைத் தொடவே கூடாது என்றெல்லாம் முடிவுசெய்வதற்குப் பயிற்சி பெற்றவர்கள் யார் என்று கேட்டால், அதற்கான விடை எம்.பிளான் என்ற இரண்டாண்டுப் பட்டத்தில் தொடங்குகிறது. பொறியியலையும் மருத்துவத்தையும் அறிந்த அளவுக்கு நம் வீடுகள் இப்படிப்பை அறியவில்லை. ஆனால் நாம் குடியிருக்கும் மனையின் விலை முதல் மழைக்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் தண்ணீர் வரை பலவற்றையும் தீர்மானிக்கும் கோப்புகளில் இப்படிப்பை முடித்தவர்களின் கையெழுத்து இருக்கிறது. அல்லது இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இருக்கிறது.

இந்தப் பட்டத்தின் முதல் தனித்தன்மை, அதில் சேர்பவர்கள் ஒரே துறையிலிருந்து வருவதில்லை என்பது. கட்டடக்கலையில் இளநிலைப் பட்டம் பெற்றவர், சிவில் பொறியாளர், இளநிலையிலேயே நகரமைப்பு படித்தவர் ஆகியோருடன், பல நிறுவனங்களில் புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றில் முதுகலை முடித்தவர்களும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். முதல் சில வாரங்கள் இவர்கள் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமல் கழிவதே வழக்கம். கட்டடக் கலைஞர் ஒரு தெருவைப் பார்த்ததும் அதன் வடிவத்தைப் பேசுவார். பொறியாளர் சாக்கடையின் சாய்மானத்தைப் பார்ப்பார். பொருளியல் படித்தவர் அங்கே வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்பார். சமூகவியல் படித்தவரின் கண்ணுக்கு அந்தத் தெரு எந்தச் சாதியின் குடியிருப்பு, சுடுகாட்டுப் பாதை எந்தப் பக்கமாகப் போகிறது என்பவை முதலில் படும். ஊர் என்பது இவை எல்லாமும் சேர்ந்தது என்பதால், இந்த நால்வரும் ஒரே வரைபடத்தின் மீது குனிந்து வாதிடும்போதுதான் படிப்பே தொடங்குகிறது எனலாம். பொறியியல் பின்னணி மட்டுமே உள்ள வகுப்புகளில் இந்த வாதம் நிகழ்வதில்லை. சமூக அறிவியல் மாணவர்களுக்கான இடங்களைக் குறைக்கும் நிறுவனங்கள் இதனால் பெரிய இழப்பைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றன என்பது என் கருத்து.

நான்கு பருவங்களில் புள்ளியியல், நகரப் பொருளியல், போக்குவரத்து, வீட்டுவசதி, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல், நிலச் சட்டம், ஜிஐஎஸ் (கணினிவழிப் புவித்தகவல் முறை) எனப் பாடங்கள் வருகின்றன. இவற்றை நூல்களிலிருந்தும் ஒருவர் கற்றுக்கொண்டுவிட முடியும். நூலிலிருந்து கற்க முடியாதது ஸ்டுடியோ. ஒவ்வொரு பருவத்திலும் மாணவர் குழுவுக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும். முதலில் ஒரு குடியிருப்புப் பகுதி, அடுத்து ஒரு முழு நகரம், பிறகு பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் என்று அதன் அளவு கூடிக்கொண்டே போகும். அங்கே சென்று அளந்து, விசாரித்து, வரைந்து, கடைசியில் அந்த இடத்துக்கு ஒரு திட்டம் தர வேண்டும்.

களத்தில் செய்யும் முதல் வேலை நிலப் பயன்பாட்டு வரைபடம். ஒவ்வொரு மனையும் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்து வண்ணம் தீட்ட வேண்டும். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிலுக்கு ஊதா, பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுப் பயன்பாட்டுக்குச் சிவப்பு, பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் பச்சை, சாலைக்கும் ரயில் பாதைக்கும் சாம்பல் நிறம். கேட்பதற்கு எளிதாக இருக்கும். குமாரபாளையம் போன்ற விசைத்தறி ஊரின் ஒரு தெருவில் இறங்கி நடந்தால்தான் அதன் சிக்கல் தெரியும். முன்கட்டில் குடும்பம் வசிக்கிறது. பின்கட்டில் தறி ஓடுகிறது. தெருவை ஒட்டிய அறையை மளிகைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். திண்ணையில் ஒரு பாட்டி நூல் சுற்றுகிறார். இந்த மனைக்கு எந்த வண்ணம்? மஞ்சள் தீட்டினால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு வரைபடத்திலிருந்து மறைந்துபோகிறது. அதற்குத் தேவையான மின்சாரம், சரக்கு ஏற்றி இறக்கும் இடம் எதுவும் திட்டத்தில் வராது. ஊதா தீட்டினால் நாளை அந்தப் பகுதி குடியிருப்பு மண்டலமாக அறிவிக்கப்படும்போது, இன்ன குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டார் கூடாது என்ற விதிக்குள் அந்தத் தறி மாட்டிக்கொள்ளும். வண்ணம் தீட்டுவது வெறும் பதிவு வேலை என்று நினைத்து வரும் மாணவர், அந்த ஒரு தெருவிலேயே அது ஒரு தீர்ப்பு என்பதைக் கண்டுகொள்கிறார். கலப்புப் பயன்பாடு என்ற வகை ஏன் தேவைப்பட்டது, அதற்குள்ளும் தளவாரியாக ஏன் குறிக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு வகுப்பில் விளங்கும்.

வண்ணத்தோடு வேலை முடிவதில்லை. கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (நில வகை, உரிமையாளர் விவரம்), அடங்கல் (பயிர், பயன்பாட்டு விவரம்) ஆகியவற்றை வைத்துக்கொண்டு புல எண் வாரியாக ஒப்பிட வேண்டும். கண்ணுக்கு வெறும் மைதானமாகத் தெரியும் இடம் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்காக இருக்கும். நத்தம் என்று குறிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இரு மடங்கு வீடுகள் எழுந்திருக்கும். நன்செய் என்று எழுதப்பட்ட புலத்தில் கல் நட்டு மனைகளாகப் பிரித்து விற்று முடித்திருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பொறுமையாக அமர்ந்து பேசத் தெரிந்த மாணவர், செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி வரைபவரைவிட அந்த ஊரை ஆழமாக அறிந்துகொள்கிறார். ஜிஐஎஸ் மென்பொருள் இன்றியமையாத கருவிதான். ஆனால் ஒரு நிலம் யாருடையது, அதில் யாருக்கு என்ன பாத்தியதை என்பதை வானத்திலிருந்து எடுத்த எந்தப் படமும் சொல்லாது.

போக்குவரத்துக் கணக்கெடுப்பும் இதேபோல நிறையக் கற்றுத்தரும். ஒரு சந்திப்பில் காலை முதல் நின்று, கடந்து போகும் வண்டிகளை வகைவாரியாகக் கோடிட்டு எண்ண வேண்டும். பிறகு எல்லா வண்டிகளையும் கார் என்ற ஒரே அலகுக்கு மாற்றுவார்கள்; ஒரு பேருந்து ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு கார்களுக்குச் சமம் என்று கணக்கில் ஏறும். சாலையில் அது பிடிக்கும் இடத்துக்கு இந்தக் கணக்கு சரி. ஆனால் அதே பேருந்தில் அறுபது பேர் போகிறார்கள். அதற்குச் சமமாகக் கொள்ளப்படும் மூன்று கார்களில் ஐந்து பேர் போகலாம். வண்டிகளை எண்ணுகிறோமா, மனிதர்களை எண்ணுகிறோமா என்ற கேள்வியைப் பொறுத்து, சாலையை அகலப்படுத்துவதா, பேருந்துக்குத் தனித்தடம் விடுவதா என்ற முடிவு தலைகீழாக மாறிவிடும். சாலையைக் கடக்கக் காத்து நிற்பவர்கள் அந்தப் படிவத்தில் எங்குமே வருவதில்லை. நல்ல ஆசிரியர் அவர்களுக்கென அந்தப் படிவத்தில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்வார்.

வகுப்பறைக் கணக்குகளிலும் இவ்வாறே பெரிய விளைவுகள் ஒளிந்திருக்கின்றன. மக்கள்தொகை முன்மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நகராட்சியில் முந்தைய கணக்கெடுப்பில் 80,000 பேர், அடுத்ததில் 1,00,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 20,000 பேர் கூடுவார்கள் என்ற கூட்டல் முறையில் கணக்கிட்டால் இருபது ஆண்டுகளில் 1,40,000 ஆகும். பத்தாண்டுக்கு 25 விழுக்காடு வளரும் என்ற பெருக்கல் முறையில் 1,56,250 ஆகும். வேறுபாடு 16,250 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் குடிநீர் என்ற நடைமுறை அளவீட்டின்படி, இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால், 17 லட்சம் லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் திறனைக் கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி எழுகிறது. மாணவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சூத்திரம் நீர்த்தேக்கத் தொட்டியின் கொள்ளளவையும் நகராட்சியின் கடன் சுமையையும் நகர்த்திவிடுகிறது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இன்று படிக்கும் மாணவர்கள் 2011-ஆம் ஆண்டின் எண்களை வைத்தே எதிர்காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஊரின் எல்லையே வேறாகியிருக்கும். ஆகவே வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு, குடும்ப அட்டை ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் கொண்டு சரிபார்க்கும் பழக்கத்தை இப்போதைய மாணவர்கள் கட்டாயம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பைப் படிப்பவர் நீரை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஊர்களில் ஏரிகள் தனித்தனியாக இல்லை. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஏரிக்கும் அதற்கடுத்த ஏரிக்கும் போய், கடைசியில் ஆற்றையோ சதுப்பையோ சேரும் சங்கிலியாக இருக்கின்றன. திட்டப் பகுதியின் எல்லை வருவாய்க் கிராமத்தின் எல்லையைப் பின்பற்றுகிறது. தண்ணீர் அந்த எல்லையைப் பின்பற்றுவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் தலமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டபோது பட்டியலில் ஏறிய பரப்பு 1,248 ஹெக்டேர். முன்பு அது இதைப் போலப் பல மடங்கு பரந்திருந்தது. குறைந்துபோன அந்தப் பரப்பின் மீது குப்பைக் கிடங்கும் சாலைகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் குடியிருப்புகளும் எழுந்தன. இவற்றில் பலவும் யாருக்கும் தெரியாமல் எழுந்தவை அல்ல. முறையான அனுமதியுடன் எழுந்தவை. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை நில வண்ண வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்காத திட்டமிடலின் விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் கொடுத்தன.

இந்த இடத்தில் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது பயன்தரும். நகரமைப்பு என்ற துறை இந்தியாவுக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று சென்னை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர் பாட்ரிக் கெடெஸ், அப்போதைய சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில், தமது நகரங்கள் குறித்த கண்காட்சியை 1914-இல் இங்கே கொண்டுவர முற்பட்டார். கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய அதே எம்டன்தான். பிரிட்டனிலிருந்த நண்பர்கள் புதிதாக வரைபடங்களும் படங்களும் திரட்டி அனுப்ப, 1915-இன் தொடக்கத்தில் கண்காட்சி சென்னையில் நடந்தது. பிறகு கெடெஸ் இம்மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நெரிசலான குடியிருப்புகளை இடித்துவிட்டு நேர்க்கோட்டுச் சாலைகள் போடும் யோசனையை அவர் ஏற்கவில்லை. இருக்கும் தெருக்களையும் வீடுகளையும் மரங்களையும் பார்த்து, இன்றியமையாத சில கட்டடங்களை மட்டும் அகற்றி, காற்றும் வெளிச்சமும் வரச் செய்வது செலவிலும் குறைவு, மக்களையும் விரட்டாது என்று காட்டினார். குளங்களைக் கொசுவின் பெயரால் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். திட்டத்துக்கு முன் ஆய்வு என்ற அவருடைய நெறிதான் இன்றும் ஸ்டுடியோவின் முதல் பாதியாக இருக்கிறது. 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த இருக்கையும் சமூகவியல், குடிமையியல் துறையில்தான். ஊரை வாழும் மனிதர்களிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் இந்நாட்டில் அவ்வளவு பழையது.

அவர் வந்துபோன சில ஆண்டுகளில், 1920-இல், சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் உருவான முதல் பெரிய குடியிருப்பு தியாகராய நகர். பனகல் பூங்காவை நடுவே வைத்து, அதிலிருந்து சாலைகள் பிரிந்து செல்லுமாறு வரையப்பட்ட அந்த அமைப்பை இன்றும் மாணவர்கள் பாராட்டிப் படிக்கிறார்கள். அது பாராட்டத் தக்கதுதான். ஆனால் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை வடித்து, அதன் படுகையையும் சேர்த்துத்தான் அந்த நகர் எழுந்தது. ஒரே பத்தாண்டுக்குள் குளத்தைக் காக்கச் சொன்ன அறிக்கையும் ஏரியை மனையாக்கிய திட்டமும் ஒரே மாகாணத்தில் உருவாயின. நகரமைப்பு வகுப்புகள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்க வேண்டும். ஒன்றை நெறியாகவும் மற்றொன்றை வடிவமைப்புச் சாதனையாகவும் தனித்தனிப் பாடங்களில் பிரித்துப் போட்டுவிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள முரணை மாணவர் ஒருபோதும் எதிர்கொள்ள மாட்டார்.

முறையான படிப்பு விடுதலைக்குப் பிறகே வேரூன்றியது. 1949-இல் ஷிப்பூர் வங்காளப் பொறியியல் கல்லூரியில் நகரமைப்புப் படிப்பு தொடங்கியது. 1951-இல் இந்திய நகரமைப்பாளர் கழகம் அமைந்தது. 1955-இல் டெல்லியில் மத்திய அரசு நகர, ஊரமைப்புப் பள்ளியை நிறுவ, அது பின்னர் கட்டடக்கலைத் துறையுடன் இணைந்து இன்றைய எஸ்பிஏ (திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி) ஆனது. 1972-இல் அகமதாபாத்தில், இப்போது செப்ட் பல்கலைக்கழகமாக இருக்கும் நிறுவனம் திட்டமிடல் பள்ளியைத் தொடங்கியது. 2008-இல் போபாலிலும் விஜயவாடாவிலும் எஸ்பிஏக்கள் வந்தன. கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளிலும், கோழிக்கோடு என்ஐடியிலும், வேறு சில என்ஐடிகளிலும் முதுநிலைப் படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளிதான் நெடுங்காலமாக இதன் முதன்மை நிலையம். மத்திய நிறுவனங்களில் சேரப் பெரும்பாலும் தேசிய அளவிலான கேட் நுழைவுத் தேர்வின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் தாளில் மதிப்பெண் வேண்டும். இப்போது அந்தத் தாளின் ஒரு பகுதியில் கட்டடக்கலை, திட்டமிடல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் திட்டமிடல் ஆர்வலர்களுக்கு வழி சற்று எளிதாகியிருக்கிறது. கேட் தகுதியுடன் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். மாநிலத்துக்குள் சேர விரும்புவோர் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வின் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். டெல்லியில் நகரம், வட்டாரம், போக்குவரத்து, வீட்டுவசதி, சுற்றுச்சூழல் என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் நகரத் திட்டமிடலின் அடிப்படை ஸ்டுடியோவைத் தவறவிடாமல் செய்வது நல்லது.

சட்டப் பாடத்துக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் இதைத் தேர்வுக்கு மட்டும் படிக்கிறார்கள். பணியில் சேர்ந்த பிறகு நாள் முழுவதும் இதோடுதான் வாழ்கிறார்கள். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் முழுமைத் திட்டம், விரிவு வளர்ச்சித் திட்டம் (ஊரின் ஒரு பகுதிக்கான விரிவான திட்டம்), நிலப் பயன்பாட்டு மாற்றம், கட்டட அனுமதி அனைத்துக்கும் அடித்தளம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டையும் (மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்புக் கட்டலாம் என்ற விகிதம்) பக்க இடைவெளிகளையும் திறந்தவெளி ஒதுக்கீட்டையும் வரையறுக்கின்றன. விதிகளை மனப்பாடம் செய்வது எளிது. அந்த விதிகள் களத்தில் எப்படித் தோற்றன என்பதைப் படிப்பது அதைவிட முக்கியம். அங்கீகாரமில்லாத மனைகள் இதற்குப் பொருத்தமான பாடம். பல பத்தாண்டுகளாக விளைநிலங்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி எதுவும் இல்லாமல் பிரித்து விற்கப்பட்டன. பதிவுத்துறை பத்திரம் பதிந்தது. மக்கள் சேமிப்பைப் போட்டு வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் அத்தகைய மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017-இல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் கட்டணம் செலுத்தி வரன்முறை பெறலாம் என்றன. கட்டணம் செலுத்தினால் மனை சட்டப்படியானதாகிறது; ஆனால் பதினெட்டு அடிச் சாலை அகலமாகிவிடாது, விடாமல் போன பூங்கா முளைத்துவிடாது, மூடிய வாய்க்கால் திறந்துகொள்ளாது. முறையான மனை ஏன் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது, பதிவுத்துறையும் நகரமைப்புத் துறையும் ஏன் ஒன்றையொன்று பார்க்காமல் இயங்கின என்ற கேள்விகளை எழுப்பாத சட்டப் பாடம் முழுமையானதாக இருக்க முடியாது.

நிலத்தைக் கையகப்படுத்தாமலே சாலையும் பூங்காவும் பெறும் வழியை குஜராத்தில் பார்க்கலாம். 1915-ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து வளர்ந்து, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்ற முறை அது. ஒரு பகுதியின் நில உரிமையாளர்கள் அனைவரின் நிலங்களையும் ஏட்டளவில் ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கான வீடு ஆகியவற்றுக்குரிய பங்கை எல்லோரிடமும் கழித்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான வடிவில் திருப்பித் தருவார்கள். நிலத்தின் அளவு குறையும். சாலை வந்ததால் மதிப்பு கூடும். யாருடைய நிலமும் முழுதாகப் பறிபோவதில்லை. அகமதாபாத்தின் விரிவுப் பகுதிகள் பலவும் இப்படி உருவானவை. தமிழ்நாட்டு மாணவர் இந்த முறையைத் தன் ஸ்டுடியோவில் ஒருமுறையாவது புல எண்களோடு செய்துபார்க்க வேண்டும். ஐம்பது உரிமையாளர்கள், அவர்களில் பாதிப் பேர் பட்டா மாறாத வாரிசுகள், நடுவே ஒரு கோயில் நிலம், ஓரத்தில் ஓடைப் புறம்போக்கு என்று வந்தால் இந்த முறை எங்கே திணறும் என்பது தெரிந்துவிடும்.

படித்து முடித்தவர்களுக்கு வேலை எங்கே என்ற கேள்விக்கு, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபி, வீட்டுவசதி வாரியம், மெட்ரோ நிறுவனங்கள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள், ஆராய்ச்சி அமைப்புகள் என்று பட்டியல் சொல்லலாம். நகர மேம்பாட்டுக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் திட்டங்கள் ஆலோசனை நிறுவனங்களில் இளைஞர்களுக்கு நிறைய வேலை தந்தன. ஆனால் அடிப்படைச் சிக்கல் வேறு. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையின்படி, மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு நாடு முழுவதும் 12,000-க்கும் மேற்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் தேவை. அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு. அவற்றிலும் பாதி காலி. நாட்டிலுள்ள 7,933 நகரக் குடியிருப்புகளில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. பல மாநிலங்களில் நகரமைப்பாளர் பதவிக்கு நகரமைப்புப் படிப்பு கட்டாயத் தகுதியாகக்கூட இல்லை என்றும் அவ்வறிக்கை சுட்டுகிறது. தேவை இருக்கிறது, படித்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் இணைக்க வேண்டிய பணியிடம்தான் இல்லை. பட்டம் பெற்றவர்கள் ஆலோசனை நிறுவனங்களின் வழியாக ஓர் ஊருக்கு வந்து, சில மாதங்களில் அறிக்கை தந்துவிட்டு, அடுத்த ஒப்பந்தத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஊரின் அலுவலகத்தில் அமர்ந்து திட்டத்தை ஆண்டுக்கணக்கில் நடைமுறைப்படுத்த ஆளில்லை.

இந்த வெறுமை மிகக் கூர்மையாகத் தெரிவது சிற்றூர்களில். 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை, ஆண் தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் வேளாண்மைக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தி என்று மூன்றும் பொருந்தினால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த இடத்தை நகரமாக எண்ணுகிறது. நிர்வாகத்தில் அது கிராம ஊராட்சியாகவே தொடரலாம். 2011-இல் தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தார்கள். பெருநகரங்களின் ஓரங்களில் இப்படிப்பட்ட ஊராட்சிகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. பாதாளச் சாக்கடை இல்லை, குப்பை எடுக்க ஆள் போதாது, வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒருவரும் அலுவலகத்தில் இல்லை. அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் நகரத் திட்டமிடலை நகர உள்ளாட்சிகளின் பணிகளில் முதலாவதாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மாவட்டத் திட்டக் குழுக்கள் ஊரையும் நகரத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்றும் அரசமைப்பு சொல்கிறது. அக்குழுக்களில் பணியாற்ற ஒரு நகரமைப்பாளர் கூட நியமிக்கப்படாத மாவட்டம் அந்தக் கடமையைச் செய்ய முடியாது.

பாடத்திட்டத்திலும் விடுபட்டவை உள்ளன. உள்ளாட்சியின் வரவு செலவைப் படிக்க மாணவர்களுக்குப் போதிய பயிற்சி கிடைப்பதில்லை. சொத்து வரியும் மாநில நிதிக்குழு மானியமும் எவ்வளவு வருகின்றன, அதில் சம்பளமும் மின் கட்டணமும் போக என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல், இறுதிப் பருவ ஸ்டுடியோக்களில் பல நூறு கோடி ரூபாய்த் திட்டங்கள் அழகான தாள்களில் அச்சாகின்றன. மக்களிடம் கருத்துக் கேட்பதும் ஒரு திறன். ஆட்சேபணை மனுக்களைப் படித்து, வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஏன் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை என்று காரணத்துடன் எழுதும் பயிற்சியை வகுப்பிலேயே தரலாம். அதை மனுதாரர்கள் படிக்கும் தமிழில் எழுதும் பயிற்சியும் அதனோடு சேர வேண்டும். விரிவு வளர்ச்சித் திட்டம் ஒன்றில் தன் வீட்டின் மீது சாலைக்கோடு விழுந்திருப்பதை அறியும் முதியவர், அந்தக் கோட்டின் காரணத்தைத் தன் மொழியில் படித்து அறியும் உரிமை உடையவர்.

நான்காம் பருவ ஆய்வேடு மாணவர் தம் விருப்பப்படி தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம். பெருநகரத்தின் மெட்ரோ வழித்தடங்களையும் தகவல் தொழில்நுட்பச் சாலைகளையும் பலர் எடுக்கிறார்கள். தரவு எளிதில் கிடைப்பது ஒரு காரணம். தம் சொந்த மாவட்டத்திலுள்ள ஒரு பேரூராட்சியை எடுப்பவர்கள் தரவுக்கு அலைய வேண்டியிருக்கும். ஆனால் அவர்கள் தொகுக்கும் நிலப் பயன்பாட்டு வரைபடமும் வாய்க்கால்களின் பட்டியலும் அந்த ஊருக்கென்று வரையப்படும் முதல் ஆவணமாகவே இருக்கக்கூடும். பல்கலைக்கழகங்கள் டிடிசிபியின் மாவட்ட அலுவலகங்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, ஆண்டுதோறும் முழுமைத் திட்டமில்லாத சில ஊர்களை ஆய்வேட்டுக்கு ஒதுக்கி, முடிந்த ஆய்வின் வரைபடக் கோப்புகளையும் கள விவரங்களையும் பேரூராட்சி அலுவலகத்திலும் மாவட்ட அலுவலகத்திலும் ஒப்படைக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. மதிப்பெண் பெற்ற பிறகு நூலக அலமாரியில் அடுக்கப்படும் அந்த ஆய்வேடுகளில், அடுத்த மனைப்பிரிவு விண்ணப்பம் வரும்போது ஒரு செயல் அலுவலர் எடுத்துப் பார்க்க வேண்டிய வாய்க்கால் ஒன்று புல எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும்.